பழைய கணினியில் லினக்ஸ் போடப் போகிறீர்களா? டெஸ்க்டாப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. வாரத்தில் மூன்று மாலை அங்கே டியூஷன் நடக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும், ஓர் அலுவலகம் தன்னிடமிருந்த ஒன்பது பழைய மடிக்கணினிகளை எங்களிடம் கொடுத்தது. அவற்றில் எதுவும் விண்டோஸ் 11 ஏற்கும் தலைமுறை இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு சனிக்கிழமையில் முடிய வேண்டிய வேலை ஏழு வாரம் இழுத்தது. லினக்ஸ் போடுவதில் பெரிய சிரமம் இல்லை. டெஸ்க்டாப் எது என்று யோசிக்காமல் தொடங்கியதால்தான் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. வகுப்பு, வாசகசாலை, வீட்டில் அப்பாவின் பழைய கணினி என்று நீங்களும் இறங்கப் போகிறீர்கள் என்றால், கீழே இருக்கும் வரிசையில் போங்கள்.

விண்டோஸில் திரை எப்படி இருக்கும் என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்துவிடும். லினக்ஸில் அடியில் ஓடும் சிஸ்டம் ஒன்று, மேலே நீங்கள் பார்க்கும் மெனு, சாளரம், கீழ்ப்பட்டை எல்லாம் சேர்ந்த டெஸ்க்டாப் சூழல் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ் பல பெயர்களில் வருகிறது. நீங்கள் எதையும் சொல்லாவிட்டால் அவற்றில் டெபியனும் உபுண்டுவும் க்னோம் டெஸ்க்டாப்பைக் கொடுக்கும். லினக்ஸ் மின்ட் முன்னால் வைப்பது சின்னமன். ஃபெடோராவில் 2025 ஏப்ரலில் வந்த 42-ஆம் பதிப்பிலிருந்து க்னோமும் கேடிஇ பிளாஸ்மாவும் சம இடத்தில் இருக்கின்றன. ஒரு டியூஷன் வகுப்பில் உட்காரும் பிள்ளை, முதல் நாள் திறந்த திரையைத்தான் கடைசி வரை பயன்படுத்தும். மாற்றிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அதனால்தான் இந்த முடிவுக்கு இவ்வளவு கவனம் தேவை.

1. கணினியைத் தொடும் முன் காகிதம்

இரவல், நன்கொடை, செகண்ட் ஹேண்ட் எதுவானாலும் தேவையான காகிதம் கையில் இருக்கட்டும்.

நன்கொடை என்றால், ஒவ்வொரு கணினியின் சீரியல் எண்ணும் போட்டு, இவை இன்னாருக்குக் கொடுக்கப்பட்டன என்று நிறுவனத்தின் கடிதம். கடையில் வாங்கினால், அதே சீரியல் எண் எழுதிய ரசீது. வாரண்டி எத்தனை மாதம் என்பதை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. எதுவானாலும், பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு எடுத்துவிட்டோம் என்ற உறுதி. அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இந்தப் பூட்டு இருக்கும். அது இருந்தால், லினக்ஸ் போடப் பயன்படும் தம்ப் டிரைவிலிருந்து கணினியைத் திறக்கவே முடியாமல் போகலாம். எங்களுக்கு வந்த ஒன்பதில் இரண்டு பூட்டியிருந்தன. பாஸ்வேர்டு தெரிந்தவர் அந்த அலுவலகத்தை விட்டுப் போயிருந்தார். அதற்கே இரண்டு வாரம் போனது. வாங்கும் இடத்திலேயே கணினியைப் போட்டு, எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10 தட்டி, பயாஸ் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் சொந்தக் கணினி என்றால், உள்ளே இருக்கும் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைத்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிறகு அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.

2. இருப்பதிலேயே பலவீனமான கணினி எது?

எல்லாக் கணினியையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: ஏறத்தாழ எந்த வருட மாடல், ராம் எத்தனை ஜிபி, ஹார்டு டிஸ்க் சுழலும் வகையா, சுழலாத வேகமான எஸ்எஸ்டியா, திரை அளவு. டெஸ்க்டாப்பை முடிவு செய்யப் போவது இந்தப் பட்டியலின் கடைசி ஆள்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது: இரண்டில் 8 ஜிபி ராம், ஏழில் 4 ஜிபி. ஒன்பதிலும் பழைய சுழலும் டிஸ்க். அந்த 8 ஜிபி கணினி இரண்டிலும் எந்த டெஸ்க்டாப் போட்டாலும் ஓடியிருக்கும். ஆனால் பிள்ளைகள் தினமும் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. இன்று இந்த நாற்காலி, நாளை அந்த நாற்காலி. ஒன்றில் மெனு மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருந்தால் வகுப்பில் பத்து நிமிடம் அதிலேயே போகும். அதனால் ஒரே அறைக்கு ஒரே டெஸ்க்டாப்.

32-பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய கணினி வந்தால் வாங்காதீர்கள். டெபியன் 13-இல் அவற்றுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. மின்ட், உபுண்டு இரண்டும் முன்பே விட்டுவிட்டன.

3. காசை எங்கே போடுவது

டெஸ்க்டாப்பை இலேசாக்கி மிச்சப்படுத்துவதை விட, சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது பல மடங்கு பயன் தரும். லோயாட் கணினிக் கடைத்தொகுதியில் நான் வாங்கியபோது 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 85 வெள்ளி (ரிங்கிட்). ஒன்பதுக்கு 765. ஐந்து கணினிக்கு மட்டும் பழைய 4 ஜிபி ராம் தலா 35 என்று கூடுதலாகப் போட்டோம், 175. 32 ஜிபி தம்ப் டிரைவ் இரண்டு 50, லேன் கேபிள் 15. மொத்தம் 1,005 ரிங்கிட். ராம், எஸ்எஸ்டி விலை அடிக்கடி ஏறி இறங்கும். அதனால் இரண்டு மூன்று கடை கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய மாடலுக்கான ராம் வாங்கும்போது, உள்ளே இருக்கும் பழைய சில்லையே கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டிடிஆர்3-இலேயே இரண்டு வகை உண்டு, வோல்டேஜ் மாறினால் சில கணினி ஏற்காது.

லினக்ஸுக்கும் டெஸ்க்டாப்புக்கும் ஒரு காசு கிடையாது. சிடியில் எழுதி விற்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

கையில் காசு குறைவாக இருந்தால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள், ராம் அப்புறம்.

4. இரண்டு பெயருக்குள் சுருக்குங்கள்

டெபியனில் மட்டும் க்னோம், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், மாட்டே, எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்கியூட்டி என்று ஏழு இருக்கின்றன. எல்லாவற்றையும் முயன்று பார்த்தால் ஒரு மாதம் ஓடிவிடும். நான் அலைந்து பார்த்துச் சொல்வது இது.

4 ஜிபி ராம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. கண்ணைக் கவராது, ஆனால் எங்கே எது இருக்கிறது என்று உடனே புரியும். எங்கள் கணினியில் எதுவும் திறக்காமல் சும்மா இருக்கும்போது எக்ஸ்எஃப்சிஇ 700 எம்பியை ஒட்டியும் க்னோம் 1.3 ஜிபியை ஒட்டியும் ராம் எடுத்தன. உங்கள் கணினியில் எண் மாறலாம். ஆனால் 4 ஜிபி கணினியில் அந்த 600 எம்பி வித்தியாசம், உலாவியில் இரண்டு மூன்று தாவல் கூடுதலாகத் திறக்கும் இடம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப் எல்லாமே உலாவிக்குள்தான். டெஸ்க்டாப் எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறதோ அவ்வளவு பாடத்துக்கு மிஞ்சும்.

8 ஜிபியும் அதற்கு மேலும் இருந்து, பயன்படுத்தப் போகிறவர் விண்டோஸிலேயே பழகியவர் என்றால் சின்னமன் அல்லது பிளாஸ்மா. இடது மூலையில் மெனு, கீழே பட்டை, வலது மூலையில் கடிகாரம். பழகிய கை தடுமாறாது. மின்ட்டோடு வரும் சின்னமனை வீட்டில் பெரியவர்களுக்குத் தயங்காமல் போடுவேன்.

க்னோமைக் குறை சொல்ல மாட்டேன். தொடுதிரை கணினிக்கும், ஒரே நேரத்தில் ஒரு வேலையில் மூழ்குபவருக்கும் மிக நன்றாக இருக்கிறது. தமிழ்த் தட்டச்சு அதில்தான் மிக எளிதாக அமைகிறது. திரையில் எழுத்து மிகச் சிறியதாகத் தெரியும் புதிய உயர்தெளிவுத் திரை என்றால், க்னோம் அல்லது பிளாஸ்மா பக்கம் போங்கள். 125, 150 விழுக்காடு என்று பெரிதாக்குவது எக்ஸ்எஃப்சிஇ-யில் அவ்வளவு சுத்தமாக வராது.

ஆதரவுக் காலத்தையும் பாருங்கள். இது பலருக்குத் தெரியாத கண்ணி. உபுண்டு 24.04-க்கு 2029 வரை ஐந்து வருடப் புதுப்பிப்பு உண்டு. ஆனால் எக்ஸ்எஃப்சிஇ-க்காக அதன் சகோதரப் பதிப்பான ஸுபுண்டு 24.04 எடுத்தால் மூன்று வருடம்தான், 2027-இல் முடியும். குபுண்டு, லுபுண்டுவும் அப்படியே. மின்ட் 22 எந்த டெஸ்க்டாப்போடு எடுத்தாலும் 2029 வரை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 2028 ஆகஸ்ட் வரை முழு ஆதரவு, பிறகு நீண்டகால ஆதரவாக 2030 ஜூன் வரை. வருடா வருடம் வந்து உட்கார நேரமில்லாத என்னைப் போன்ற தொண்டூழியருக்கு இது பெரிய விஷயம். நாங்கள் டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ என்று முடித்தோம்.

5. பலவீனமான கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள்

வென்டாய் என்ற இலவச மென்பொருளைத் தம்ப் டிரைவில் போட்டால், லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்புகள் பலவற்றை ஒரே டிரைவில் நகலெடுத்து வைத்து, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துத் திறக்கலாம். நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கும் டெபியனின் லைவ் பதிப்பு ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் 3 ஜிபியை ஒட்டி வரும். மின்ட்டும் அந்த அளவுதான். உபுண்டு 24.04 ஏறத்தாழ 6 ஜிபி. வீட்டு வைஃபையில் முந்தின இரவே இறக்கி வையுங்கள், கைத்தொலைபேசி டேட்டாவில் வேண்டாம்.

தம்ப் டிரைவைச் செருகி, கணினியைப் போட்டதும் லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டுங்கள். எதையும் அழிக்காமல் டெஸ்க்டாப் திறக்கும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரு டெஸ்க்டாப்புக்கு இருபது நிமிடம் போதும். தம்ப் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், பயன்படுத்தப் போகிற ஒருவரை முன்னால் உட்கார வையுங்கள். எங்கள் வகுப்பு ஆசிரியை க்னோமில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, நான் திறந்து வச்சது எங்கே போச்சு?" என்று கேட்டார். சிறிதாக்கிய சாளரத்தைத் திரும்ப எடுக்கக் கீழே பட்டை இல்லை. எக்ஸ்எஃப்சிஇ-யில் அந்தக் கேள்வியே வரவில்லை. இந்த ஐந்து நிமிடத்தை நான் முதலிலேயே செலவழித்திருக்க வேண்டும்.

6. தமிழ்த் தட்டச்சு வராவிட்டால் அந்த டெஸ்க்டாப் வேண்டாம்

நம்மவர்களுக்கு இதுதான் முக்கியமான சோதனை, பொதுவான வழிகாட்டிகளில் இது இருக்காது. லினக்ஸில் தமிழ் அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும், அதோடு சேரும் எம்17என் தொகுப்பும் வேண்டும். இரண்டையும் மென்பொருள் மேலாளரில் பெயர் போட்டுத் தேடி நிறுவலாம். அதில் தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது, ஆங்கில ஒலி வைத்து அடிக்கும் முறையும் இருக்கிறது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகிய ஆசிரியர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஒலிமுறை நெருக்கமாக இருக்கும், ஆனால் சில எழுத்துக்குச் சாவி மாறும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

க்னோமில் அமைப்புகளுக்குள் விசைப்பலகை, அதில் உள்ளீட்டு மூலம், கூட்டல் குறி, தமிழ் என்று போனால் முடிந்தது. விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். எக்ஸ்எஃப்சிஇ-யில் ஒரு படி கூடுதல்: ஐபஸை நிறுவிய பிறகு, உள்ளீட்டு முறை அமைப்பு என்ற கருவியைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். லாக் அவுட் செய்யாமல் "வேலை செய்யவில்லை" என்று நான் ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன். பிளாஸ்மா புதிய பதிப்பில் ஐபஸை விட எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற கருவி சுலபமாக ஒட்டுகிறது. அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமைத்த பிறகு உலாவியிலும், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளிலும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள். மழலை, பள்ளி, மரம், கற்றல், ஞாயிறு, வானம், வண்ணம், செந்தூல், ஸ்ரீ. ல ள ழ, ர ற, ந ன ண எல்லாம் வந்துவிட்டால் நம்பலாம். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ எழுத்துருவை நிறுவுங்கள். பழைய வினாத்தாள்கள் குழம்பித் தெரிந்தால் டெஸ்க்டாப்பைக் குறை சொல்ல வேண்டாம். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை அவை, அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

மெனுவையும் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்து பிள்ளைகளைக் குழப்பியது. மெனு ஆங்கிலத்தில் அல்லது மலாயில், தட்டச்சு தமிழில் என்று வைத்துக்கொண்டோம். தமிழ்தான் வேண்டும் என்றால், தமிழும் மலேசியாவும் சேர்ந்த வட்டார அமைப்பு கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டெபியன் இன்ஸ்டாலர் அதைச் சொல்லி வேறொன்றைக் கேட்கும். தமிழ் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நேர மண்டலத்தை மட்டும் கோலாலம்பூர் என்று வையுங்கள். இடையில் மொழி மாற்றினால், அடுத்த முறை உள்ளே வரும்போது கோப்புறைப் பெயர்களையும் மாற்றவா என்று கேட்கும். பழைய பெயரே இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

7. நிறுவும்போது நான் விழுந்த குழி

டெபியனின் சிறிய இன்ஸ்டாலரில் கடைசிக்குச் சற்று முன், எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டெபியன் டெஸ்க்டாப் என்ற வரியும் க்னோம் என்ற வரியும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். நான் எக்ஸ்எஃப்சிஇ-க்கு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். க்னோம் டிக்கை எடுக்கவில்லை. இரண்டுமே ஏறின. லாகின் செய்தால் க்னோம் திறந்தது. மெனுவில் கோப்பு மேலாளர் இரண்டு, டெர்மினல் இரண்டு. ஒன்பதில் ஆறு கணினியில் இதே தவறு, ஏனென்றால் ஒன்றை முடித்துப் பார்க்காமல் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன்.

ஆகவே: க்னோம் டிக்கை எடுங்கள், எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போடுங்கள், டெபியன் டெஸ்க்டாப் வரி அப்படியே இருக்கட்டும். எழுத்துத் திரையில் நிறுவினால் டிக் போட ஸ்பேஸ் சாவி. என்டர் தட்டினால் இருந்ததோடு அடுத்த பக்கம் போய்விடும். லைவ் பதிப்பிலிருந்து நிறுவினால் இந்தப் பட்டியலே வராது, எந்த டெஸ்க்டாப்பின் லைவ் எடுத்தீர்களோ அதுவே ஏறும். முதல் முறை போடுபவருக்கு அந்த வழியைத்தான் சொல்வேன்.

இரண்டும் ஏறிவிட்டால் ஒன்றை நீக்கிச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். நானும் முயன்றேன், மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டே இருந்தது. இப்போதுதான் போட்ட கணினி, உள்ளே எதுவும் இல்லை, அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அரை மணி நேரம்தான். முதல் கணினியை முழுதாக முடித்து, லாகின் செய்து பார்த்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

இன்னும் இரண்டு. அதே இன்ஸ்டாலரில் ரூட் (தலைமை நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கே ஏதாவது போட்டால், உங்கள் சாதாரணக் கணக்குக்கு நிர்வாக அனுமதி கிடைக்காது. டிஸ்க் பிரிக்கும் இடத்தில் பயன்படுத்துபவரின் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குத் தனிப் பிரிவு (பார்ட்டிஷன்) கேளுங்கள். பின்னாளில் டெஸ்க்டாப் மாற்ற நினைத்தால் பிள்ளைகளின் கோப்புகள் தப்பிக்கும்.

வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போட்டு நிறுவுங்கள். எஸ்எஸ்டியில் ஒரு கணினிக்கு 30 நிமிடம், புதுப்பிப்புக்கு இன்னும் 20, தமிழ் அமைக்க 10. ஒரு நாளில் ஐந்து கணினி முடிக்கலாம்.

8. கைமாற்றும் முன்

நிர்வாகக் கணக்கு உங்களிடம் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மாணவர் என்று சாதாரணக் கணக்கு ஒன்று. அந்தக் கணக்கில் நுழைந்து, உலாவி, லிப்ரே ஆபீஸ், கோப்புறை மூன்றையும் கீழ்ப்பட்டையில் ஒட்டுங்கள். எழுத்தளவைக் கூட்டுங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே வரிசை.

லாகின் திரையில் எந்த டெஸ்க்டாப் என்று மாற்றும் சிறிய குறி இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ-யில் மேலே வலது பக்கம், க்னோமில் பெயரை அழுத்திய பிறகு கீழே வலது மூலையில். யாராவது தெரியாமல் அதைத் தட்டினால், கடைசியாகத் தேர்ந்தெடுத்ததையே கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வாரமே இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும் பையன் ஓடி வந்து, "அண்ணே, என் கம்ப்யூட்டர் வேற மாதிரி ஆயிருச்சு" என்றான். நான் அழித்துத் திரும்பப் போடாமல் விட்டிருந்த ஒரே கணினி அது, க்னோம் இன்னும் உள்ளே இருந்தது. லாக் அவுட் செய்து, அந்தக் குறியில் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. அந்த வார இறுதியில் அதையும் புதிதாகப் போட்டேன்.

ஒவ்வொரு கணினியின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: கணினி எண், சிஸ்டமும் டெஸ்க்டாப்பும், போட்ட தேதி, ஆதரவு முடியும் மாதம். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்குகளை குப்பையில் போடக் கூடாது, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பதை முழுதாக அழித்துவிடுங்கள். எங்களுக்குக் கணினி கொடுத்த அலுவலகம், அழித்துவிட்டோம் என்று எழுத்தில் கேட்டது. சீரியல் எண்களோடு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, ஒரு நகலை நன்கொடைக் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறோம்.